ஆர். பாலசுப்பிரமணியம் (பொருளறிவியலாளர்)

இராமமூர்த்தி பாலசுப்பிரமணியம் (ஏப்ரல் 15, 1961 – டிசம்பர் 9, 2009) இந்தியப் பொருளறிவியலாளர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொருளறிவியல் மற்றும் உலோகவியல் பொறியியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். உலோகங்களின் அரிமானம் (துருப்பிடித்தல் முதலிய வேதிச் சிதைவுகள்) இவரது முதன்மைத் துறை. தில்லி குதுப் வளாகத்தில் உள்ள இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக அழியாமல் நிற்பதற்கான காரணத்தை, அதன் மேல் படிந்துள்ள மெல்லிய துருவையே ஆராய்ந்து விளக்கியதற்காகப் பரவலாக அறியப்படுகிறார். ஆய்விதழ்களில் வெளியிட்டதோடு நில்லாமல், தம் முடிவுகளைப் பள்ளி மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் புரியும்படி நூல்களாக எழுதினார்.

கல்வியும் பணியும்

பாலசுப்பிரமணியம் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் பொறியியல் பயின்று 1984 இல் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரில் உள்ள ரென்சலியர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்து 1990 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நாடு திரும்பிக் கான்பூரில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். இறுதி வரை அங்கேயே பணியாற்றினார்.

இவரது தொடக்க கால ஆய்வுகளில் தொல்பொருட்களுக்கு இடமில்லை. உலோகங்களுக்குள் ஐதரசன் நுழைந்து அவற்றை நொறுங்கச் செய்வது, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கலவைகளின் பண்புகள், மின்வேதியியல் முறையில் அரிமான வேகத்தை அளவிடுதல் போன்றவையே அவர் எழுதிய பொருள்கள். பொறியியல் மாணவர்கள் பலர் அவர் பெயரை முதலில் காண்பது ஒரு பாடநூலின் அட்டையில்தான். வில்லியம் காலிஸ்டர் எழுதிய, உலகெங்கும் பயன்படும் பொருளறிவியல் பாடநூலின் இந்தியத் தழுவல் பதிப்பை அமைத்தவர் இவரே.

பனாரசில் இவர் பயின்ற காலத்தில் அங்கு உலோகவியல் பேராசிரியராக இருந்தவர்களுள் டி. ஆர். அனந்தராமன் (1927–2009) குறிப்பிடத்தக்கவர். அனந்தராமன் 1996 இல் தில்லித் தூணைப் பற்றி 'தி ரஸ்ட்லெஸ் வொண்டர்' என்னும் நூலை எழுதினார். அறிவியலை மக்களிடையே பரப்புவதற்காக இந்திய அரசு அமைத்த விஞ்ஞான் பிரசார் நிறுவனம் அதனை வெளியிட்டது. ஆய்வாளர் ஒருவர் தம் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகவும் எழுத வேண்டும் என்னும் வழக்கம் இவ்வகையில் பாலசுப்பிரமணியத்துக்கு முன்பே அவர் பயின்ற துறையில் இருந்தது எனலாம். பிற்காலத்தில் இருவரும் இணைந்து தஞ்சைப் பீரங்கியை ஆராய்ந்தனர்.

தில்லித் தூணும் அதைச் சுற்றிய கதைகளும்

தில்லி இரும்புத் தூண் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அதில் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிக் கல்வெட்டு 'சந்திரன்' என்னும் மன்னனைப் புகழ்கிறது. அவன் குப்த மன்னன் இரண்டாம் சந்திரகுப்தன் (ஆட்சி ஏறத்தாழ கி.பி. 375–415) என்பது பெரும்பாலான வரலாற்றாளர்களின் முடிவு. தூண் முதலில் நின்ற இடம் குதுப் வளாகம் அன்று. மத்தியப் பிரதேசத்தில் விதிசாவுக்கு அருகில் உள்ள உதயகிரியே அதன் முதல் இருப்பிடம் எனப் பாலசுப்பிரமணியமும் மீரா தாசும் சான்றுகளுடன் வாதிட்டுள்ளனர்.

இத்தூணைப் பற்றி உலவும் செய்திகளில் பாதிக்கு மேல் மிகையானவை. அது கலப்பற்ற தூய இரும்பு, அது பல உலோகங்கள் கலந்த மறைபொருள் உலோகம், அதைச் செய்தவர்கள் வேற்றுலகத்தார் என்றெல்லாம் நூல்களே வந்துள்ளன. மறுபுறம், தில்லியின் காற்று வறண்டது, ஆகவே அங்கு எந்த இரும்பும் துருப்பிடிக்காது, இதில் வியக்க ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவோரும் இருந்தனர். தூணைத் தழுவிச் செல்லும் மக்களின் கையெண்ணெய் அதைக் காக்கிறது என்றும் கூறப்பட்டது. (தூணின் அடிப்பகுதியில் ஒரு வளையம் மட்டும் பளபளப்பாக இருப்பதற்கு அக்கைகளே காரணம். 1997 இல் வேலி அமைக்கப்பட்ட பின்னர் எவரும் தொட முடிவதில்லை.)

அறிவியல் ஆய்வு பாலசுப்பிரமணியத்தோடு தொடங்கியதன்று. இங்கிலாந்தின் எஃகு அறிஞர் இராபர்ட் ஆட்பீல்டு, இலங்கையின் பண்டைய இரும்பைப் பற்றி 1912 இல் வெளியிட்ட கட்டுரையிலேயே தில்லித் தூணின் வேதிப் பகுப்பாய்வையும் தந்தார். சுவீடன் நாட்டு அரிமான அறிஞர் ரேங்லேன் 1970 இல் இதைப் பற்றி எழுதினார். இவ்வாய்வுகள் வழியாக ஒரு செய்தி உறுதியாகியிருந்தது: இத்தூணின் இரும்பில் கந்தகம் மிகக் குறைவு, மாங்கனீசு அநேகமாக இல்லை, பாஸ்பரசு மட்டும் இன்றைய எஃகைவிடப் பன்மடங்கு மிகுதி. சராசரியாக 0.25 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. தூண் ஒரே வார்ப்பு அன்று. பல இரும்புக் கட்டிகளைச் சூடாக்கி அடித்து ஒட்டவைத்து உருவாக்கப்பட்டது. எனவே மாதிரி எடுக்கும் இடத்தைப் பொறுத்து இவ்வளவுகள் மாறுபடும்.

பாஸ்பரசு ஏன் மிகுந்தது? இன்றைய எஃகு உற்பத்தியில் சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. அது பாஸ்பரசைப் பற்றிக்கொண்டு கசடோடு வெளியேறுகிறது. பண்டைய மரக்கரி உலைகளில் சுண்ணாம்பு சேர்க்கப்படவில்லை. ஆகையால் தாதுவில் இருந்த பாஸ்பரசின் பெரும் பங்கு இரும்பிலேயே தங்கியது.

துருவின் உள்ளே

முன்னோர் பலரும் தூணின் இரும்பைப் பகுப்பாய்ந்தனர். பாலசுப்பிரமணியம் துருவைப் பகுப்பாய்ந்தார். தூணின் மணி வடிவத் தலைப்பகுதிக்குக் கீழிருந்து எடுக்கப்பட்ட சிறு துருத் துணுக்குகளை எக்சு-கதிர் விளிம்பு விளைவு, அகச்சிவப்பு நிறமாலை, மோசுபவர் நிறமாலை ஆகிய மூன்று முறைகளால் ஆராய்ந்து, 2000 ஆம் ஆண்டு முதல் முடிவுகளை வெளியிட்டார்.

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் படும்போது அதன் மேல் தோன்றும் துரு பொதுவாக நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. நீரும் ஆக்சிசனும் அவற்றின் வழியே உள்ளே சென்று மேலும் மேலும் இரும்பைத் தின்னும். வீட்டு வாசற்கதவின் அடிப்பகுதி உதிர்வது இவ்வாறே. பாஸ்பரசு மிகுந்த இரும்பிலும் முதலில் இதுவே நடக்கிறது. ஆனால் இரும்பு கரையக் கரைய, அதிலிருந்த பாஸ்பரசு உலோகத்துக்கும் துருவுக்கும் இடையிலான எல்லையில் சேர்கிறது. அது இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, படிக ஒழுங்கற்ற, நெருக்கமான ஒரு வகை இரும்பு ஆக்சி ஐதராக்சைடு படலம் உருவாக உதவுகிறது. இப்படலத்தைச் சப்பானிய அரிமான அறிஞர் மிசாவாவின் பெயரால் 'மிசாவைட்டு' எனப் பாலசுப்பிரமணியம் அழைத்தார். இரண்டாவது, எல்லையில் சேர்ந்த பாஸ்பரசு ஈரத்தோடு வினைபுரிந்து இரும்பு ஐதரசன் பாஸ்பேட்டு ஐதரேட்டு என்னும் சேர்மமாகிறது. மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் பல ஆண்டுகள் கழியும்போது இச்சேர்மம் படிகமாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. அதன் பின் நீரும் ஆக்சிசனும் இரும்பை அடைவது அரிது. அரிமானம் முற்றிலும் நிற்பதில்லை. ஆனால் மிக மிக மெதுவாகிறது. 1600 ஆண்டுகளுக்குப் பின்னும் தூணின் மேலுள்ள துருவின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான்.

ஆகவே 'துருப்பிடிக்காத தூண்' என்னும் புகழ்பெற்ற பெயர் பொருந்தாது. தூண் துருப்பிடித்துள்ளது. அத்துருவே அதற்குக் கவசம். அழுக்கு என்று கருதி எவரேனும் அதைத் தேய்த்து மினுக்கினால், பல நூற்றாண்டுகளில் உருவான பாதுகாப்பைத் துடைத்தெறிந்தவராவார்.

தட்பவெப்பத்தின் பங்கை இவ்விளக்கம் மறுக்கவில்லை. நனைவதும் உலர்வதும் மாறி மாறி நிகழ்வது இதற்குத் தேவை. ஆனால் தட்பவெப்பம் மட்டுமே காரணம் என்பார்க்கு ஒரு தடை உண்டு. கருநாடகத்தில் கொல்லூருக்கு அருகே, கொடசாத்திரியில், ஆண்டுதோறும் பெருமழை பெய்யும் மலைப்பகுதியில் ஒரு பழைய இரும்புத் தூண் திறந்தவெளியில் நிற்கிறது. இத்தூணை அனந்தராமன் ஆராய்ந்துள்ளார்.

இவ்வாய்விலிருந்து ஒன்றை மட்டும் முடிவு செய்ய இயலாது. குப்தர் காலக் கொல்லர்கள் பாஸ்பரசின் குணத்தை அறிந்தே அதனை விட்டுவைத்தனரா, அல்லது அவர்களது உலையின் இயல்பால் அது தங்கியதா என்பதற்குத் துருவில் விடை இல்லை. ஆறு டன் இரும்பை ஒரே தூணாக அடித்து ஒட்டிய கைத்திறன் அவர்களுடையது என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல் சொல்லப்படுபவற்றை ஐயத்தோடு அணுகுவதே முறை. இதே தூணைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பல்தேவ் ராசு குழுவினர் மீயொலி முதலிய சேதமிலாச் சோதனைகளால் ஆராய்ந்து 2005 இல் 'கரண்ட் சயின்சு' இதழில் வெளியிட்டனர். அணு உலைப் பாகங்களில் மறைந்துள்ள குறைகளைக் கண்டறியும் கருவிகள் தொல்பொருளுக்குப் பயன்பட்டமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

தஞ்சைப் பீரங்கி

தஞ்சாவூரில் கீழவாசல் அருகே பீரங்கி மேட்டில் கிடக்கும் இராசகோபால பீரங்கி, நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தது (17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி). ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமும் இருபது டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. பாலசுப்பிரமணியமும் அனந்தராமனும் பிற ஆய்வாளர்களும் இதை அளந்து ஆராய்ந்து 2004 இல் கட்டுரை வெளியிட்டனர்.

இது வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் வட்டமாக அடுக்கிக் குழலாக்கி, அதன் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன் பின் ஒன்றாகச் செலுத்தி அடித்துச் செய்யப்பட்டது. வளையம் ஆறும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர் செய்வதும் இதே வேலைதான், அளவு மட்டுமே வேறு. இப்பீரங்கியின் இரும்பும் அரிமானத்தை நன்கு எதிர்ப்பது ஆய்வில் தெரியவந்தது. வெயிலிலும் மழையிலும் நான்கு நூற்றாண்டுகளாகக் கிடந்தும் அது உருக்குலையாமல் இருப்பதை இன்றும் காணலாம். தொடர்ந்து இந்தியாவின் பல பகுதிகளில் உள்ள பீரங்கிகளை ஆராய்ந்து, 2008 இல் 'தி சாகா ஆஃப் இந்தியன் கேனன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார்.

அறிவியல் பரப்பும் பணி

தூணைப் பற்றிய பாலசுப்பிரமணியத்தின் முதல் பெருநூல் 'டெல்லி அயர்ன் பில்லர்: நியூ இன்சைட்ஸ்' 2002 இல் வெளிவந்தது. சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம் அதன் வெளியீட்டில் பங்கு கொண்டது. அது ஆய்வாளர்களுக்கானது. மூன்றாண்டுகள் கழித்து அதே பொருளைப் பொது வாசகர்களுக்காகச் சிறு நூலாக மீண்டும் எழுதினார் ('ஸ்டோரி ஆஃப் தி டெல்லி அயர்ன் பில்லர்', 2005). அதே ஆண்டில் குதுப் வளாகம் முழுவதையும் பற்றிய நூலும், 2008 இல் இந்திய இரும்பின் வரலாற்றைக் கூறும் 'மார்வெல்ஸ் ஆஃப் இந்தியன் அயர்ன் த்ரூ தி ஏஜஸ்' என்னும் நூலும் வந்தன. வகுப்பும் ஆய்வு மாணவர்களும் அரிமான ஆய்வகமும் ஒருபுறம் இருக்க, இவை யாவும் எழுதப்பட்டன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு இத்தகைய சிறு நூல்களுக்குப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பதில்லை.

நூல்களைவிடப் பயன் மிக்க இன்னொரு செயலும் உண்டு. வெளிநாட்டு ஆய்விதழ்களை விலைகொடுத்து வாங்க இயலாத கல்லூரிகளே இந்தியாவில் மிகுதி. பாலசுப்பிரமணியம் தம் ஆய்வுக் கட்டுரைகளின் படிகளைக் கல்விக்கழகத்தின் தம் பக்கத்தில் எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளும்படி வைத்தார். தூணைப் பற்றிய மிகைக் கதைகள் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஆய்வு முடிவுகளும் இலவசமாகக் கிடைத்தன.

இறுதிக் காலத்தில் இவரது ஆர்வம் பழங்கால அளவைகளின் பக்கம் திரும்பியது. தாசுமகால் வளாகத்தின் அமைப்பில் 'அங்குலம்' என்னும் மரபு அளவு (1.763 செ.மீ.) பயன்பட்டதாக 2009 இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று தம் 48 ஆம் அகவையில் காலமானார். அனந்தராமனும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

பாஸ்பரசு இரும்பும் கட்டுமானக் கம்பியும்

தூணிலிருந்து கற்றதை இன்றைய தேவைக்குப் பயன்படுத்த இயலுமா என்பது பாலசுப்பிரமணியம் எழுப்பிய கேள்விகளுள் மிகவும் நடைமுறை சார்ந்தது. அவரும் அவருடைய ஆய்வு மாணவர் கதாதர் சாகுவும் பாஸ்பரசு மிகுந்த, கார்பன் குறைந்த இரும்பை ஆய்வகத்தில் உருவாக்கி, கற்காரையில் இடும் கம்பிக்கு அது ஏற்றதா எனச் சோதித்தனர்.

இக்கேள்வியின் முக்கியத்துவத்தைத் தமிழ்நாட்டில் உணர்வதற்குத் திருவள்ளூர் மாவட்டம் பொருத்தமான இடம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் (ரோலிங் மில்) பல உள்ளன. பழைய இரும்பும் ஸ்பாஞ்ச் அயனும் மின் தூண்டல் உலையில் உருக்கப்பட்டு, பில்லெட் எனப்படும் சதுரத் தண்டுகளாகி, பின் டி.எம்.டி. கம்பிகளாக உருட்டப்படுகின்றன. உருட்டி முடிந்த கம்பி செஞ்சூடாக வெளிவரும்போது அதன் மேல் நீர் பீய்ச்சப்படும். மேற்புறம் சட்டென இறுகிக் கடினமாகும். உட்புறச் சூடு பின்னர் வெளியே பரவி அக்கடினத்தைச் சற்றே தணிக்கும். வலிமையும் வளையும் தன்மையும் ஒரே கம்பியில் அமைவது இவ்வாறே.

இதே வட்டாரத்தின் கிழக்கே பழவேற்காடு ஏரியின் உவர்நீர்ப் பரப்பும் வங்கக் கடலும் உள்ளன. கற்காரையின் காரத்தன்மை சாதாரணமாகக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். ஆனால் கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு கற்காரைக்குள் ஊடுருவிக் கம்பியை எட்டினால், காக்கும் படலம் அங்கங்கே உடைந்து குழிகள் விழும். துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பருமன் மிகுந்தது. ஆகவே கற்காரை உள்ளிருந்து பிளக்கும். கடலோரப் பாலங்களிலும் பழைய மாடி வீடுகளின் தாழ்வாரங்களிலும் காரை உதிர்ந்து சிவந்த கம்பி வெளியே தெரிவதைப் பலரும் கண்டிருப்பர். குளோரைடு கலந்த கார நீரில் செய்த சோதனைகளில், சாகுவும் பாலசுப்பிரமணியமும் உருவாக்கிய பாஸ்பரசு இரும்பு இக்குழிவிழுதலை நன்கு எதிர்த்தது.

அப்படியாயின் எல்லாக் கம்பியிலும் பாஸ்பரசைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். உலோகவியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பாஸ்பரசை இரும்பின் பகையாகவே கருதி வந்தமைக்குக் காரணம் உண்டு. அது இரும்பின் படிகமணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளில் ஒதுங்கி அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. குளிர்ந்த நிலையில் அத்தகைய இரும்பு வளையாமல் முறியும். நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாங்க வேண்டிய கம்பி முறியுமானால் அதன் துரு எதிர்ப்பால் பயன் இல்லை. கார்பனைக் குறைத்தும், வெப்பப் பதனிடலால் பாஸ்பரசு எல்லைகளில் ஒதுங்காமல் தடுத்தும் இதைத் தீர்க்க முயல்வதே அவ்வாய்வின் உயிர்நாடி. தூண்டல் உலையில் பாஸ்பரசை நீக்குவது கடினம் என்பது இவ்வகை ஆலைகளின் நெடுநாள் சிக்கல். ஆயினும் நீங்காமல் தங்கிவிட்ட பாஸ்பரசும், கார்பனைக் குறைத்து அளவறிந்து சேர்த்த பாஸ்பரசும் ஒன்றல்ல. முன்னதை 'தில்லித் தூண் போன்றது' எனப் புகழ்வது தவறு.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1786 (2008) தரநிலை இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. பொதுவாகப் பயன்படும் 500 தரக் கம்பியில் பாஸ்பரசு 0.055 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூடுதலாக வளையும் தன்மை வேண்டும் 500டி வகையில் வரம்பு 0.040. எனினும் அதே தரநிலை, குறைகலப்பு எஃகில் பாஸ்பரசை 0.12 விழுக்காடு வரை சேர்க்க இடமளிக்கிறது. அவ்வாறு வழக்கமான வரம்பைக் கடக்கும்போது கார்பன் 0.15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தில்லித் தூணின் இரும்பில் கார்பன் சராசரியாக இதே 0.15 அளவில் உள்ளது. ஆலையிலிருந்து கம்பியுடன் வரும் சோதனைச் சான்றிதழில் கார்பன், கந்தகம், பாஸ்பரசு ஆகிய மூன்றின் விழுக்காடும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும்.